முறுக்கும் தசைகளும் மூன்றெழுத்துப் பிழையும்

உங்கள் வலக்கையை நீட்டி, மெல்ல மடக்கிப் பாருங்கள். மேற்கையின் முன்புறத்தில் ஒரு தசை திரண்டு எழுவது தெரியும். அதே வேளையில் இடக்கையால் மேற்கையின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்குள்ள தசை தளர்ந்து கிடக்கும். கையை நீட்டினால் நிலைமை தலைகீழாகிவிடும். பின்தசை இறுகும், முன்தசை தளரும். மாட்டுவண்டி ஓட்டுபவர் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலக்கயிற்றை இழுத்து, இடக்கயிற்றைச் சற்று விட்டுக்கொடுக்கிறார் அல்லவா? இதுவும் அப்படித்தான். நம் உடலின் வண்டிக்காரர் மூளை. எந்தத் தசையை எப்போது இழுப்பது, அதன் எதிர்த்தசையை எப்போது தளர்த்துவது என்னும் கணக்கை, நாம் நினைத்துப் பாராமலேயே அது போட்டுக்கொண்டிருக்கிறது.

வண்டிக்காரர் இரண்டு கயிறுகளையும் ஒரே சமயத்தில் இழுத்துப் பிடித்தால் என்ன ஆகும்? மாடுகள் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் கழுத்தைத் திருப்பிக்கொண்டு தடுமாறும். டிஸ்டோனியா என்னும் நோயில் நடப்பது ஏறக்குறைய இதுவே. எதிரெதிர்த் தசைகள் ஒரே வேளையில் இறுகுகின்றன. நடக்கும்போது பாதம் உட்புறமாகத் திரும்பிக்கொள்கிறது. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. எழுத உட்கார்ந்தால் விரல்கள் பேனாவை நசுக்குவதுபோல் இறுகிவிடுகின்றன. சிலருக்கு உடல் முழுவதுமே வளைந்து முறுகிப் போய்விடுவதுண்டு.

'டிஸ்' என்றால் கிரேக்க மொழியில் பிழையானது என்று பொருள். 'டோனோஸ்' என்றால் இழுவிசை. பௌதிகப் பாடத்தில் கம்பியின் இழுவிசை என்று படிக்கிறீர்களே, அதேதான். பிழைபட்ட இழுவிசை! மருத்துவர்கள் வைத்த பெயர்களுள், பௌதிகம் கற்பிக்கும் எனக்கு உடனே விளங்கிய பெயர் இது ஒன்றுதான்.

பிறக்கும்போது மூளைக்கு ஏற்படும் சேதத்தாலும், பக்கவாதத்தாலும், சில மருந்துகளின் பக்கவிளைவாலும் இந்நோய் வரலாம். ஆனால் இப்படி எந்தக் காரணமும் இல்லாமல், நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த 10 வயதுப் பிள்ளையின் கால் முறுக்கத் தொடங்கினால்? அப்போது மருத்துவரின் பார்வை, அப்பிள்ளை பெற்றோரிடமிருந்து பெற்ற மரபணுக்களின் பக்கம் திரும்புகிறது.

நடிப்பு என்று எண்ணப்பட்ட நோய்

இது குடும்பவழி நோயாக இருக்கலாம் என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1908-இல் ஜெர்மனியில் மார்க்கஸ் வால்ட்டர் ஷ்வால்பே என்பவர் தம் பட்ட ஆய்வேட்டில், உடன்பிறந்தோர் மூவருக்கு இம்முறுக்கு இருந்ததை விவரித்திருந்தார். 1911-இல் பெர்லின் நகரின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் இதற்கு டிஸ்டோனியா என்று பெயரிட்டார். இது உடல்நோய்தான் என்பது அவர் கருத்து.

ஆனால் அதன் பிறகு பல பத்தாண்டுகள் வரை, இந்த நோயாளிகளில் பலர் மனநோயாளிகளாகவே நடத்தப்பட்டனர். காரணம் இல்லாமல் இல்லை. இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தால், பளிச்சென்று தெரியும் சேதம் எதுவும் தென்படவில்லை. நோயின் போக்கும் விந்தையாக இருந்தது. முன்னோக்கி நடக்கும்போது முறுக்கிக்கொள்ளும் கால், பின்னோக்கி நடக்கும்போது சிலருக்கு ஒழுங்காக இயங்கும். கழுத்து முறுக்கிக்கொண்டவர் தம் தாடையில் ஒரு விரலை இலேசாக வைத்தாலே முறுக்குத் தளரும். 'பின்னால் நடக்க முடிகிறவனால் முன்னால் நடக்க முடியாதா, வேண்டுமென்றே செய்கிறான்' என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

உண்மையில், முன்னோக்கி நடப்பதும் பின்னோக்கி நடப்பதும் மூளைக்கு இரு வேறு வேலைகள். தசைகள் அவையே ஆனாலும் அவற்றை இயக்கும் கட்டளை வரிசை வேறு. ஒரு வரிசையில் கோளாறு இருக்க, மற்றொன்று சரியாக இருக்கலாம். இலண்டனைச் சேர்ந்த டேவிட் மார்ஸ்டன் போன்ற மருத்துவர்கள் 1970-களில் இதை வலியுறுத்தி, டிஸ்டோனியா மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்னும் நரம்பணுக் கூட்டங்களோடு தொடர்புடைய நோய் என்பதை நிலைநாட்டினர். ஆயினும் ஐயத்திற்கு இடமில்லாத சான்று மரபணுவிலிருந்துதான் கிடைத்தது.

ஓர் எழுத்தல்ல, மூன்று

மரபுச் செய்தி நம் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகள். மொத்த நீளம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். புரதம் ஒன்றைக் கட்டும்போது உயிரணு இந்த எழுத்துகளை மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்கிறது. மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பது கணக்கு.

1989-இல், டிஸ்டோனியா தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, கோளாறான மரபணு 9-ஆம் குரோமோசோமில் இருப்பதாக லாரி ஓஸீலியஸ், சாண்ட்ரா பிரேக்ஃபீல்டு ஆகியோரின் குழு அறிவித்தது. அந்த இடத்தைச் சல்லடையாய்ச் சலித்து மரபணுவையே கண்டுபிடிக்க மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1997-இல் அது கிடைத்தது. அதன் பெயர் டார்1ஏ. அது உருவாக்கும் புரதம் டார்சின்-ஏ. அதில் 332 அமினோ அமிலங்கள் உள்ளன. நோயாளிகளிடம் இருந்த பிழை என்ன தெரியுமா? ஜி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வர வேண்டிய இடத்தில் ஒரு முறைதான் இருந்தது. அவ்வளவே!

இதைத் தமிழில் விளக்கிப் பார்ப்போம். எல்லாமே மூன்றெழுத்துச் சொற்களாலான ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள்: 'தம்பி பழம் பழம் என்று கேட்க'. இதில் ஒரு 'பழம்' விடுபட்டால், 'தம்பி பழம் என்று கேட்க' என்றாகும். பொருள் சற்றே குறைந்தாலும் தொடர் உடையவில்லை. மாறாக, முதல் 'பழம்' என்பதில் 'ப' என்ற ஓர் எழுத்து மட்டும் விடுபட்டு, படிப்பவர் மூன்று மூன்றாகவே படித்துக்கொண்டு போனால், 'தம்பி ழம்ப ழம்எ ன்றுகே ட்க' என்று எல்லாம் குளறுபடியாகிவிடும். டார்1ஏ மரபணுவில் நேர்வது முதல் வகைப் பிழை. புரதம் முழுமையாகவே உருவாகிறது. 332-க்குப் பதில் 331 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. குளூட்டாமிக் அமிலம் ஒன்று மட்டும் குறைவு. ஆனால் அந்த ஒரு குறை, புரதத்தைத் தன் வேலையைச் சரிவரச் செய்யவிடாமல் தடுத்துவிடுகிறது.

இப்பிழை கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடம் மிகுதி. அவர்களிடம் பிழையை அடுத்துள்ள டி.என்.ஏ. பகுதி ஒரே மாதிரி இருப்பதால், அது ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால், இந்தப் பொதுப் பகுதி மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும். எஞ்சியுள்ள நீளத்தை அளந்தால் காலத்தைக் கணிக்கலாம். கரி-14 கொண்டு பழம்பொருள்களின் வயதைக் கணிக்கிறோமே, அதற்கு உறவான ஒரு கணக்கு. அந்த மூதாதை சுமார் 350 ஆண்டுகளுக்கு முன், லித்துவேனியா, பைலோரஷ்யப் பகுதியில் வாழ்ந்திருக்கலாம் என்று 1995-இல் கணித்தார்கள். மரபணுவே கையில் கிடைப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே! அதே பிழை வேறு இனத்தாரிடமும் தனித்தனியே தோன்றியிருக்கிறது.

நூற்றுக்கு முப்பது

இனி ஒரு சிறு கணக்கு. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கிறது, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. டார்1ஏ-யைப் பொறுத்தவரை ஒரு படி பழுதானாலே நோய் வரலாம். தந்தைக்கு ஒரு பழுதான படி இருந்தால், அது பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு 1/2. அப்படியானால் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நோய் வருமா? வருவதில்லை. பழுதான படியைப் பெற்றவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கே நோய் வருகிறது. எனவே மொத்த வாய்ப்பு 1/2 × 3/10 = 3/20, அதாவது 15 விழுக்காடு.

மற்ற 70 பேர் எப்படித் தப்புகிறார்கள்? ஒரு பகுதி விடை கிடைத்துள்ளது. மற்றப் பெற்றோரிடமிருந்து வந்த நல்ல படியில், 216-ஆம் இடத்து அமினோ அமிலம் மாறிய ஒரு வகை உண்டு. அது உள்ளவர்களுக்கு நோய் வருவது மிக அரிது என்று 2007-இல் கண்டறிந்தனர். ஆனால் இவ்வகை சிலரிடமே இருப்பதால் கதை அதோடு முடியவில்லை.

கதிரியக்க அணுக்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு நினைவு வரலாம். நூறு அணுக்களில் எத்தனை சிதையும் என்று சொல்ல முடியும்; எந்த அணு சிதையும் என்று சொல்ல முடியாது. டார்1ஏ சோதனையும் அத்தகையதே. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அணுவுக்கு மூப்பு இல்லை. நேற்றுச் சிதையாமல் தப்பியதால் இன்று அதற்கு ஆபத்துக் குறைந்துவிடுவதில்லை. இங்கோ, நோய் பெரும்பாலும் சிறு வயதில் தொடங்கிவிடும். பழுதான படியை வைத்துக்கொண்டு 26 வயதைக் கடந்தவருக்கு அதன்பின் நோய் வருவது அரிது.

இப்போது ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அண்ணனுக்கு நோய், சோதனையில் டார்1ஏ பிழை உறுதியாகிவிட்டது. தங்கை நலமாக இருக்கிறாள், வயது 14. அவளுக்கும் சோதனை செய்துவிடலாமா? 'தெரிந்துகொண்டால் நல்லதுதானே' என்று தோன்றும். ஆனால் பிழை இருப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வது? நோய் வராமல் தடுக்க மருந்து இல்லை. வராமலே போகும் வாய்ப்புத்தான் மிகுதி. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு நாளும் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊர்களில் இதுபோன்ற செய்தி கசிந்தால் திருமணப் பேச்சு வரை தொடரும் என்பதையும் மறந்துவிட முடியாது. அதனால்தான், தடுப்புமுறை இல்லாத நோய்களுக்கு நலமுள்ள சிறுவர்களைச் சோதிக்காமல், அவர்கள் வளர்ந்து தாமே முடிவெடுக்க விட வேண்டும் என்று மருத்துவர்கள் நெறி வகுத்திருக்கிறார்கள். அது சரியான நெறி என்றே நான் கருதுகிறேன்.

மாலையில் வந்து காலையில் மறையும் முறுக்கு

அப்படியானால் மரபணுச் சோதனையால் பயனே இல்லையா? அவசரப்பட வேண்டாம். இனி ஜப்பானுக்குச் செல்வோம்.

டோக்கியோவைச் சேர்ந்த குழந்தை நரம்பியல் மருத்துவர் மசாயா செகாவா, 1971-இல் ஜப்பானிய மொழியிலும் 1976-இல் ஆங்கிலத்திலும் ஒரு விந்தையான டிஸ்டோனியாவை விவரித்தார். நோயுற்ற பிள்ளைகள் காலையில் ஏறத்தாழ நன்றாக நடந்தனர். பொழுது ஏற ஏறக் கால் முறுக்கத் தொடங்கியது. மாலையில் நடக்கவே முடியாத நிலை. இரவு தூங்கி எழுந்தால் மீண்டும் பழைய நலம்! ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம்.

இதன் காரணம் 1994-இல் தெரியவந்தது. மூளையில் இயக்கங்களை ஒழுங்குபடுத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்று டோப்பமின். உணவிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலம் முதலில் எல்-டோப்பா ஆகிறது. எல்-டோப்பா பிறகு டோப்பமின் ஆகிறது. முதற்படியை நடத்தும் நொதிக்கு ஒரு துணைப்பொருள் தேவை. அத்துணைப்பொருளைத் தயாரிக்கும் வேலையின் தொடக்கத்தில் நிற்பது, 14-ஆம் குரோமோசோமில் உள்ள ஜி.சி.எச்.1 மரபணு. அது பழுதானால் துணைப்பொருள் குறையும், டோப்பமினும் குறையும்.

வீட்டு மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை நிரப்பும் மோட்டார் பலவீனமானது. இரவில் யாரும் குழாயைத் திறக்காததால் தொட்டி மெல்ல நிறைந்துவிடுகிறது. பகலில் செலவு மிகுதி, வரவு குறைவு. மாலைக்குள் தொட்டி காலி. இப்பிள்ளைகளின் டோப்பமின் கதை ஏறக்குறைய இதுதான்.

மோட்டாரைப் பழுதுபார்க்க முடியாவிட்டால் என்ன, லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றலாமே! பழுதான படிக்கு அடுத்த பொருளான எல்-டோப்பாவையே மாத்திரையாகக் கொடுத்தால் போதும். பார்க்கின்சன் நோய்க்காக 1960-களிலிருந்தே பயன்படும் மருந்துதான் அது. செகாவா நோயில் சிறிதளவு கொடுத்தாலே, சக்கர நாற்காலியில் இருந்தவர்கள்கூடச் சில நாள்களில் எழுந்து நடக்கிறார்கள். பல ஆண்டுகள் சென்றாலும் அதன் பலன் குறைவதில்லை.

இதில் வேதனை ஒன்று உண்டு. இப்பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் மூளை முடக்குவாதம் என்று எளிதில் எண்ணிவிடலாம். அப்பெயர் சூட்டப்பட்டுவிட்டால், 'இதற்கு மருந்தில்லை' என்று பெற்றோர் ஓய்ந்துவிடுவார்கள். மலிவான ஒரு மாத்திரை எட்டும் தொலைவில் இருக்க, பிள்ளை ஆண்டுக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். ஆகவேதான், காரணம் தெரியாத டிஸ்டோனியாவோடு வரும் எந்தப் பிள்ளைக்கும் எல்-டோப்பாவைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மருந்தே இங்குச் சோதனையாகிறது.

மருந்தே சொல்லிவிடும் என்றால் மரபணுச் சோதனை எதற்கு என்று கேட்பீர்கள். கலிஃபோர்னியாவில் பிறந்த இரட்டையர் கதை இதற்கு விடை. 1996-இல் பிறந்த அந்தச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் இரண்டு வயதில் மூளை முடக்குவாதம் என்று சொல்லப்பட்டது. தாய்க்கு ஐயம் தீரவில்லை. செய்தித்தாளில் வந்திருந்த ஒரு பழைய கட்டுரையைப் படித்துவிட்டு, தம் பிள்ளைகளுக்கும் இதுவாக இருக்குமோ என்று மருத்துவரிடம் கொண்டுசென்றார். எல்-டோப்பா நன்றாக வேலை செய்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குப் பின் சிறுமிக்குக் கடுமையான மூச்சுத்திணறல் வரத் தொடங்கியது. ஹூஸ்டன் நகரின் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் இருவரின் டி.என்.ஏ. முழுவதையும் படித்துப் பார்த்தனர். பழுது ஜி.சி.எச்.1-இல் இல்லை, அதே துணைப்பொருளை உருவாக்கும் கடைசிப் படியில் உள்ள எஸ்.பி.ஆர். என்ற மரபணுவில் இருந்தது. தந்தை வழியாக ஒரு பிழை, தாய் வழியாக வேறொரு பிழை. அந்தத் துணைப்பொருள் டோப்பமினுக்கு மட்டுமன்றி, செரட்டோனின் என்ற மற்றொரு பொருளுக்கும் தேவை. அதாவது ஒரு தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தொட்டி காலியாகவே கிடந்தது! செரட்டோனினுக்கு முந்தைய பொருளையும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தனர். சிறுமி மீண்டும் ஓட்டப் பந்தயங்களுக்குத் திரும்பினாள். இது 2011-இல் வெளியான செய்தி.

சோதனை சொல்லாதவை

டிஸ்டோனியாவோடு தோன்றக்கூடிய மற்றொரு மரபுநோய் வில்சன் நோய். உடலிலுள்ள மிகைச் செம்பை வெளியேற்றும் ஏ.டி.பி.7பி மரபணு பழுதாவதால், செம்பு கல்லீரலிலும் மூளையிலும் தேங்குகிறது. இதற்கு இரண்டு படிகளும் பழுதாக வேண்டும். எனவே நோயாளியின் உடன்பிறந்தவருக்கு வாய்ப்பு 1/4. தாய்மாமன், அத்தை பிள்ளைகள் என்று உறவுக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில், ஒரே பழுதான படி இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்புக் கூடுகிறது. இங்கே தங்கைக்கு நோய்க்குறி எதுவும் இல்லாவிட்டாலும் சோதித்தே ஆக வேண்டும். செம்பை வெளியேற்றும் பெனிசிலமைன் என்னும் மருந்து 1956-இலிருந்தே உண்டு; துத்தநாக மருந்தும் உண்டு. முன்கூட்டியே தொடங்கினால் நோய் வராமலே காக்கலாம். டார்1ஏ குடும்பத்துத் தங்கைக்கு வேண்டாம் என்றோம், இவளுக்குக் கட்டாயம் என்கிறோம். இரண்டும் மரபணுச் சோதனைதான். விடையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதில்தான் வேற்றுமை.

சோதனையின் குறைகளையும் சொல்ல வேண்டும். எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறையில், மரபணுவின் ஒரு பெரும்பகுதியே ஒரு படியில் காணாமற்போயிருந்தால் அது கண்ணில் படாமல் போகலாம். ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளை ஒன்றாகக் கலந்து படிப்பவருக்கு, ஒன்றில் ஒரு பக்கம் கிழிந்திருப்பது எப்படித் தெரியும்? மற்றப் பிரதியின் பக்கத்தைப் படித்துவிட்டு, எல்லாம் சரி என்பார். ஜி.சி.எச்.1-இல் இத்தகைய இழப்புகள் உண்டு. அவற்றைக் காண வேறு சோதனை செய்ய வேண்டும். சில சமயம் ஓர் எழுத்து மாறியிருப்பது தெரியும். அது தீங்கானதா, வெறும் வேறுபாடா என்று மட்டும் தெரியாது. பிலிப்பைன்ஸ் நாட்டின் பனாய் தீவில் ஆண்களைத் தாக்கும் 'லுபாக்' என்ற டிஸ்டோனியாவில், எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் நடுவே சுமார் 2,600 எழுத்துகள் புகுந்து உட்கார்ந்திருக்கின்றன. இதைப் பிடிக்கவும் தனி முறை வேண்டும்.

மாத்திரைக்கு இணங்காத டிஸ்டோனியாவுக்கு, மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்வாய்களைப் பொருத்தி, நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சிறு மின்துடிப்புகளைச் செலுத்தும் முறை உண்டு. மின்கலம் காறை எலும்பின் கீழே, தோலுக்கடியில் வைக்கப்படுகிறது. டார்1ஏ பிழை உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது; ஏ.டி.பி.1ஏ3 என்ற மரபணுவில் பிழை உள்ளவர்களுக்குப் பெரிதாகப் பலன் தருவதில்லை. மூளையில் துளையிடும் முன் இதைத் தெரிந்துகொள்வது எவ்வளவு நல்லது!

2016-இல் கே.எம்.டி.2பி என்ற மரபணு டிஸ்டோனியாவுக்குக் காரணமாவது கண்டறியப்பட்டது. பெரும்பாலும் காலில் தொடங்கி, பிறகு பேச்சையும் பாதிக்கும் இவ்வகைக்கும் மின்துடிப்பு முறை பலருக்குப் பயன் தருகிறது. அதற்கு முன் சோதனை செய்துகொண்டு, 'எதுவும் தென்படவில்லை' என்ற விடையோடு வீடு திரும்பிய பிள்ளைகள் உண்டு. டி.என்.ஏ. முழுவதும் படிக்கப்பட்டு, எழுத்து வரிசை கணிப்பொறியில் சேமித்து வைக்கப்பட்டிருந்தால், அவர்களிடம் மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. பழைய வரிசையை எடுத்து, இந்தப் புதிய மரபணு இருக்கும் இடத்தை மட்டும் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும்.